பக்க ஓரத்தில் ஒரு வாழ்க்கை

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் கவிஞர்களின் கல்லறைகளைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் நின்று பார்க்காமல் தாண்டிவிடும் நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. நெருங்கிப் பார்த்தால் அதன் கல்லில் ஐ, டபிள்யூ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் 1658 என்ற ஆண்டும் கீறப்பட்டிருப்பது தெரியும். தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றிப் புகழ்பெற்ற ஆங்கில நூலை எழுதிய ஐசக் வால்டனின் கைவேலை அது என்கிறார்கள். மண்டபத் தூணில் பெயர் கீறிவைக்கும் ஆசை எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

அந்தச் சின்னம் ஐசக் கசோபோனுக்கு எழுப்பப்பட்டது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஐரோப்பாவில் கிரேக்கம் அறிந்தவர்களின் பெயரைச் சொல்லச் சொன்னால் முதல் மூச்சில் வந்த பெயர். இன்று அந்தப் பெயரைக் கேட்டால் மூன்று விதமான பதில்கள் வரும். ஆங்கில நாவல் படித்தவர், ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’ கதையில் முடியாத நூலுக்குக் குறிப்பெடுத்துக்கொண்டே செத்துப்போகும் வறண்ட பாதிரியாரை நினைப்பார். உம்பர்த்தோ எக்கோவைப் படித்தவர், ‘ஃபூக்கோவின் ஊசல்’ நாவலில் கதை சொல்பவனை நினைப்பார். சமய வரலாறு படித்தவர், எகிப்திய ஞானி ஹெர்மெஸின் பெயரால் வழங்கிய நூல்கள் அவ்வளவு பழையவை இல்லை என்று 1614இல் காட்டியவர் என்பார். இரண்டு கற்பனைப் பாத்திரங்களும் ஒரு முடிவும் மிஞ்சியிருக்கின்றன. அவர் ஆயுள் முழுக்கச் செய்த வேலை இந்த மூன்றுக்கும் வெளியே கிடக்கிறது.

கசோபோனைப் பிரெஞ்சு அறிஞர் என்று சொல்வதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பிறந்தது 1559 பிப்ரவரி 18 அன்று, ஜெனீவாவில். பெற்றோர் பிரான்ஸின் காஸ்கோனிப் பகுதியிலிருந்து சமய ஒடுக்குமுறைக்குத் தப்பி ஓடிவந்த ஹ்யூகனாட் புரோட்டஸ்டண்டுகள். அவருக்கு இரண்டு வயதாகும்போது தந்தை ஆர்னோ பிரான்ஸுக்குத் திரும்பி, தோஃபினே மாகாணத்தின் கிரெஸ்ட் ஊரில் சபைப் போதகரானார். உள்நாட்டுச் சமயப் போர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூண்ட காலம் அது. தந்தை பாதி நாள் ஹ்யூகனாட் படையோடு இருப்பார். வீட்டுக்கு வந்தால் பாடம், வராவிட்டால் இல்லை. 1572 ஆகஸ்டில் பாரிஸில் பார்த்தலோமியோ நாள் படுகொலை நடந்து, கொலைவெறி மாகாணங்களுக்கும் பரவியபோது குடும்பம் மலையில் ஒளிந்தது. அங்கே ஒரு குகையில்தான் 13 வயதுச் சிறுவனுக்கு முதல் கிரேக்கப் பாடம் நடந்தது. பாடநூல், இசோகிரடீஸ் ஓர் இளைஞனுக்குச் சொல்லும் அறிவுரை. வெளியே கத்தி, உள்ளே வினைச்சொல் விகுதி. பிற்காலத்தில் எந்தக் களேபரத்துக்கு நடுவிலும் அவரால் கிரேக்கம் படிக்க முடிந்ததற்கு இந்தக் குகையே காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அவரோ தன்னைத் தாமதமாகப் படிக்க வந்தவன், தானே கற்றுக்கொண்டவன் என்று குறைப்பட்டுக்கொண்டார்.

19 வயதில்தான் முறையான கல்விக்கு ஜெனீவா அகாதெமிக்கு வந்தார். கால்வின் அந்த அகாதெமியை நிறுவியதும் இவர் பிறந்த 1559இல்தான். கிரீட் தீவிலிருந்து வந்த பிரான்சிஸ்கஸ் போர்ட்டஸ் அங்கே கிரேக்க ஆசிரியர். 1581இல் அவர் இறக்கும் தறுவாயில், தன் இடத்துக்கு இந்த மாணவனைச் சொல்லிவிட்டுப் போனார். 22 வயதில் கசோபோன் பேராசிரியரானார்.

பதவி பெரிது, சம்பளம் சிறிது. நகரத்தைச் சுற்றி சவோய் பிரபுவின் படைகள்; உள்ளே பஞ்சம். நூலகம் என்று சொல்லிக்கொள்ள அங்கே அதிகம் எதுவும் இல்லை. வருமானத்தில் கிள்ளிக் கிள்ளிப் புத்தகம் வாங்கினார். அச்சாகாத கிரேக்க நூல்களுக்குக் கூலி கொடுத்துப் படியெடுக்கச் செய்தார். முதல் மனைவி இறந்தபின், 1586இல் புளோரன்ஸ் எஸ்தியெனை மணந்தார். மாமனார் அன்ரி எஸ்தியென் சாதாரண ஆள் இல்லை. 1572இல் ஐந்து தொகுதிகளாகக் கிரேக்க மொழிப் பேரகராதி வெளியிட்டு, அதன் செலவிலேயே நொடித்துப்போன அச்சகக்காரர், அறிஞர். கிரேக்கக் கையெழுத்துப் படிகள் அவர் வீட்டில் குவிந்து கிடந்தன. மருமகன் சும்மா எட்டிப் பார்க்கவும் அவர் விடவில்லை. சீதனமாக ஒரு சாவி கிடைத்திருந்தால் கசோபோன் வேறெதுவும் கேட்டிருக்க மாட்டார்.

புளோரன்ஸுக்குப் பதினெட்டுப் பிள்ளைகள் பிறந்தார்கள், பலர் பிழைக்கவில்லை. அந்த நெருக்கடியான வீட்டில் கூலிக்கு இடம் எடுத்துத் தங்கிய ஓர் ஆங்கில இளைஞர் ஹென்றி வோட்டன். தூதர் என்பவர் தாய்நாட்டுக்காகப் பொய் சொல்ல வெளியூர் அனுப்பப்பட்ட நேர்மையாளர் என்று பின்னாளில் வேடிக்கையாக எழுதி, அதனாலேயே அரசரிடம் சிக்கிக்கொண்டவர். 1590களின் தொடக்கத்தில் கசோபோனின் வீட்டில் இருந்தபோது ஊரில் கடன் வாங்கினார். ஜாமீன் நின்றவர் கசோபோன். ஆள் ஊரைவிட்டுப் போனார், பணம் வரவில்லை, கடன்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். பணம் கடைசியில் வந்து சேர்ந்தது, ஆனால் அதுவரை பேராசிரியர் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதே வோட்டனின் வாழ்க்கை வரலாற்றைப் பின்னாளில் எழுதியவர், கல்லறையில் பெயர் கீறிய வால்டன்.

அவருடைய எழுத்துப் பணிக்கு வருவோம். ஜெனீவாவில் இருக்கும்போதே அடுக்கடுக்காகப் பதிப்புகள் வந்தன. 1587இல் புவியியலாளர் ஸ்ட்ராபோ, 1590இல் அரிஸ்டாட்டில், 1592இல் தியோஃபிராஸ்டஸ், 1595இல் ரோமப் பேரரசர்களின் வாழ்க்கையை எழுதிய சுவெட்டோனியஸ். இவற்றில் தியோஃபிராஸ்டஸின் ‘குணச்சித்திரங்கள்’ கைக்கு அடக்கமான நூல். கஞ்சன், வாயாடி, முகத்துதி செய்பவன், மூடநம்பிக்கைக்காரன் என்று ஆட்களை ஓரிரு பக்கத்தில் நடமாடவிடும் சித்திரங்கள். கசோபோன் முதலில் பதித்தபோது 23 சித்திரங்கள் இருந்தன. பிறகு வேறு படியிலிருந்து மேலும் ஐந்து கிடைக்க, 1599 பதிப்பில் 28 ஆயின. தேய்ந்துபோன கிரேக்கத்துக்கு அவர் எழுதிய உரை, அந்த ஆட்களின் வீடு, சந்தை, பணப்புழக்கம், விருந்து என்று எல்லாவற்றையும் திறந்து காட்டியது. ஆங்கிலத்தில் 1608இல் ஜோசப் ஹால் இதே பாணியில் குணச்சித்திர நூல் எழுதினார். பிரெஞ்சில் 1688இல் லா புரூயேர், தியோஃபிராஸ்டஸின் மொழிபெயர்ப்போடு தன் காலத்து ஆட்களின் சித்திரங்களைச் சேர்த்து வெளியிட்டுப் பெரும் பெயர் பெற்றார். ஒரு பதிப்பாசிரியரின் உரை இலக்கிய வகை ஒன்றுக்கு உரமாகும் சம்பவங்கள் அடிக்கடி நடப்பதில்லை.

1596இன் கடைசியில் ஜெனீவாவைவிட்டு மோன்பெலியே பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1597 பிப்ரவரி 18, தன் பிறந்தநாளன்று, நாட்குறிப்பு ஒன்றைத் தொடங்கினார். சாவுக்குச் சுமார் இரண்டு வாரம் முன்புவரை அதை எழுதினார். இலத்தீனில், நடுநடுவே கிரேக்கமும் கொஞ்சம் எபிரேயமும் கலந்து எழுதிய அந்த ‘எஃபெமெரிடெஸ்’ ஒரு விசித்திரமான ஆவணம். ஊர்வம்பு இருக்காது. விடியுமுன் எழுந்து ஜெபித்து மேசையில் உட்கார்ந்தது, எந்த ஆசிரியரை எத்தனை மணி நேரம் படித்தது, யார் வந்து நேரத்தைத் தின்றது, இதுதான் பதிவு. நண்பர்கள் வந்தால் புலம்பல். மனைவி ஊருக்குப் போனால் இன்னும் பெரிய புலம்பல், ஏனென்றால் வீட்டுக் கணக்கு தலையில் விழும். மனைவி நோயில் படுத்தால் பாசமும் பதற்றமும் ஜெபமும், கூடவே படிப்பு கெட்டதே என்ற ஆற்றாமையும் ஒரே பத்தியில் வரும். வளர்ந்த மகள் பிலிப்பா இறந்த துக்கம் பல பதிவுகளில் கசிகிறது. இதைப் படிக்கும்போது சில இடங்களில் எரிச்சல் வரும். பிள்ளைகள் அழும் வீட்டில் ஒரு மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று. ஆனால் அந்தக் கதவு ஒரு நாளும் முழுதாகச் சாத்தியதில்லை என்பதையும் அதே நாட்குறிப்புதான் சொல்கிறது.

இந்தக் காலத்தில்தான் அத்தெனேயஸோடு மல்லுக்கு நின்றார். கி.பி. 200ஐ ஒட்டி எழுதிய இந்தக் கிரேக்கர், ‘விருந்தறிஞர்கள்’ என்ற நூலில் ஒரு விருந்துக் கூட்டத்தைப் பதினைந்து நூற்பகுதிகளுக்குப் பேசவைக்கிறார். மீன் வகை, மது வகை, கிண்ணங்களின் பெயர், சமையல்காரர்களின் ஜம்பம், கணிகையரின் சாமர்த்தியம் என்று பேச்சு போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒரு பழம்புலவரின் மேற்கோள். ஏறக்குறைய 800 எழுத்தாளர்கள் அதில் வந்துபோகிறார்கள். அவர்களில் மிகப் பலரின் நூல்கள் அடியோடு அழிந்துவிட்டன. கிரேக்க நகைச்சுவை நாடகத்தின் பெரும்பகுதி நமக்கு இந்த விருந்து மேசையில் சிந்திய துணுக்குகளாகவே மிஞ்சியிருக்கிறது. முதல் அச்சுப்பதிப்பு 1514இல் வெனிஸில் ஆல்டஸ் அச்சகத்திலிருந்து வந்தது. பாடமோ பிழைகளின் காடு. மேற்கோள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எது செய்யுள், எது உரைநடை, எந்தச் சொல் பொருளின் பெயர், எது ஆளின் பெயர் என்பதே குழப்பம்.

கசோபோன் 1597இல் பாடத்தை வெளியிட்டார்; உரை 1600இல் லியோனில் அச்சாகி வந்தது. அந்த வேலையை விலங்கு பூட்டிய அடிமையின் உழைப்புக்கு அவர் ஒப்பிட்டதில் மிகை அதிகம் இல்லை. ஒரு மேற்கோளைச் சரிசெய்ய, எஞ்சியிருக்கும் கிரேக்க இலக்கியம் முழுவதையும் மனத்தில் ஒருமுறை புரட்ட வேண்டும். அவருடைய பலம் எது என்பது இங்கே துலங்குகிறது. அவர் காலத்துப் பேரறிஞர் ஸ்காலிஜர், உடைந்த வரியைப் பார்த்த மாத்திரத்தில் ஒட்டிவிடும் மேதை. கசோபோனிடம் அந்த மின்னல் குறைவு. ஆனால் ஒரு பழைய நூலைப் படிக்கும்போது அதைச் சுற்றியிருந்த உலகம், உணவு, ஆடை, சட்டம், சடங்கு, கெட்ட வார்த்தை உட்பட, அவருக்குத் தெரிந்திருந்தது. இருநூறு ஆண்டு கழித்து ஷ்வைக்ஹொய்சர் அத்தெனேயஸை மறுபடி பதித்தபோது கசோபோனின் உரையையும் கூடவே சேர்த்து அச்சிட வேண்டியிருந்தது. அதைத் தள்ளிவிட்டுப் போக வழியில்லை.

ஸ்காலிஜரும் அவரும் நேரில் சந்தித்ததே இல்லை. 1594இல் தொடங்கிய கடிதத் தொடர்பு ஸ்காலிஜர் 1609இல் லெய்டனில் இறக்கும்வரை நீடித்தது. கர்வத்துக்குப் பேர்போன ஸ்காலிஜர் தன்னைவிடக் கிரேக்கம் தெரிந்தவர் என்று ஒப்புக்கொண்டது இவர் ஒருவரையே. கசோபோன் 1605இல் ரோமக் கவிஞர் பெர்சியஸைப் பதித்தார். ஆறே பாடல் எழுதி இளவயதில் இறந்த, முடிச்சு முடிச்சான கவிஞர் அவர். உரையைப் படித்துவிட்டு ஸ்காலிஜர் அடித்த கமெண்ட் இன்றுவரை நிற்கிறது: மீனைவிடக் குழம்பு ருசி.

அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு நூல் சிறியது, விளைவு பெரியது. அங்கதத்துக்கு ரோமர் வைத்திருந்த பெயர், கிரேக்கரின் ‘சாட்டிர்’ என்ற பாதி ஆட்டு உருவ வனதேவதையிலிருந்து வந்தது என்பது அதுவரை எல்லோரும் நம்பிய கதை. சாட்டிர்கள் ஆபாசமாக, முரட்டுத்தனமாகப் பேசும் கூட்டம்; ஆகவே அங்கதமும் கரடுமுரடாகத்தான் இருக்க வேண்டும் என்று ஐரோப்பியக் கவிஞர்கள் வலிந்து கடுமையாக எழுதினார்கள். கசோபோன் இரண்டையும் பிரித்துப் போட்டார். கிரேக்கரின் சாட்டிர் நாடகம் வேறு. அது மேடைக்குரியது, கோரஸ் உண்டு. ரோமரின் ‘சதுரா’ வேறு. பல பண்டம் கலந்த தட்டுக்கு வழங்கிய சொல் அது, கதம்பம் என்று சொல்லலாம். ஒலி ஒன்றுபோல இருப்பதால் வேர் ஒன்றாகிவிடாது. 1693இல் ஆங்கிலக் கவி டிரைடன் அங்கதத்தைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதியபோது இந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதினார்.

பாரிஸுக்கு அவரை அழைத்தவர் நான்காம் ஹென்றி அரசர். 1600இல் போய்ச் சேர்ந்தார். கத்தோலிக்கராக இல்லாததால் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. உதவித்தொகை கிடைத்தது, பின்னர் அரச நூலகத்தில் பொறுப்பும். போன சில வாரத்திலேயே ஒரு சோதனை வந்தது.

ஹ்யூகனாட் தலைவர் து பிளெசி மோர்னே, கத்தோலிக்கத் திருப்பலியை மறுத்து ஒரு நூல் எழுதியிருந்தார். அதில் சபைப் பிதாக்களின் மேற்கோள்கள் ஐந்நூறு இடங்களில் திரிக்கப்பட்டிருக்கின்றன என்று எவ்ரே ஆயர் து பெரோன் குற்றம் சாட்டினார். 1600 மே 4 அன்று ஃபோன்தேன்புளோ அரண்மனையில், அரசர் முன்னிலையில் வழக்கு. மத்தியஸ்தர்களில் கசோபோனும் ஒருவர். அன்று எடுத்துப் பார்த்த ஒன்பது மேற்கோள்களில் பெரும்பாலானவற்றில் தீர்ப்பு மோர்னேக்கு எதிராகவே போனது. மறுநாள் மோர்னே நோயில் விழ, விவாதம் அத்தோடு நின்றது. தன் கட்சிக்காரர் நல்ல நோக்கத்தோடுதான் எழுதினார் என்பது கசோபோனுக்குத் தெரியும். பாடம் பாடம்தான் என்பதும் தெரியும். ஹ்யூகனாட்டுகள் அவரைத் துரோகி என்றார்கள். கத்தோலிக்கர்களோ இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் நம் பக்கம் விழுந்துவிடுவார் என்று கணக்குப் போட்டார்கள். அடுத்த பத்தாண்டுகள் இரு பக்கத்து இழுபறியில் கழிந்தன. பார்வைக்கு அவர் ஊசலாடுபவராகத் தெரிந்தார். உண்மையில் அவர் பிதாக்களின் நூல்களை அத்தெனேயஸைப் படித்தது போலவே படித்துக்கொண்டிருந்தார். அப்படிப் படித்தால் ரோமும் ஜெனீவாவும் தங்களுடையது என்று சொல்லும் பழைய சபை இரண்டிலும் அப்படியே இல்லை என்பதுதான் தெரியவரும்.

பாரிஸ் எல்லைக்குள் ஹ்யூகனாட் வழிபாட்டுக்கு இடமில்லை. சீன் நதிக்கரையில் ஷராந்தோன் என்ற ஊருக்குப் போகவேண்டும். 1608 ஜூலையில் ஒரு ஞாயிறு, கசோபோனும் மனைவியும் படகில் சங்கீதம் பாடிக்கொண்டே போனபோது பெரிய படகு ஒன்று வந்து மோதியது. உயிர் தப்பினார்கள். ஆனால் கையிலிருந்த சங்கீதப் புத்தகம் ஆற்றோடு போயிற்று. 22 ஆண்டுக்கு முன் கல்யாணத்தன்று மனைவிக்கு அவர் கொடுத்த புத்தகம் அது. இந்த இழப்பை நாட்குறிப்பில் எழுதும்போது மட்டும், அறிஞர் போய் ஒரு கணவர் வந்து உட்காருகிறார்.

1603இல் அவர் பதித்த ரோமப் பேரரசர் வரலாற்றுத் தொகுப்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆறு ஆசிரியர்கள் எழுதியதாகப் பெயர் தாங்கிய அந்தத் தொகுப்புக்கு ‘ஹிஸ்டோரியா அகஸ்டா’ என்று இன்று வழங்கும் பெயர் அவர் வைத்தது. அதன் குளறுபடிகள் அவர் கண்ணில் பட்டன. ஆனால் ஆறு பேரும் ஒரே ஆள் போட்ட வேஷம் என்ற சந்தேகத்தை 1889இல் ஹெர்மன் டெஸ்ஸாவ் வந்துதான் கிளப்பினார். போலியைக் கண்டுபிடிப்பதில் பெயர்பெற்றவரின் கைவழியாகவே இன்னொரு போலி ராஜமரியாதையோடு வெளியே போனது.

1610 மே 14 அன்று நான்காம் ஹென்றி குத்திக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டே மூத்த மகன் ஜான் கத்தோலிக்கத்துக்கு மாறினான். அக்டோபரில் கசோபோன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். முதலாம் ஜேம்ஸ் அரசர் ஆண்டுக்கு 300 பவுண்டு உதவித்தொகை கொடுத்தார். தன் மனைவி மக்களுக்கு முன்னால் இவருக்குப் பணம் போய்ச் சேரவேண்டும் என்று கருவூலத்துக்கு எழுதினார். ஏலி ஆயர் லான்ஸ்லட் ஆண்ட்ரூஸ் உயிர்த்தோழரானார். கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில், அரசருக்குச் சாப்பாட்டு நேரத்தில் சமய விவாதம் வேண்டும். அறிஞர் நாற்காலிக்குப் பின்னால் நின்று பதில் சொல்லவேண்டும். கசோபோனுக்கு ஆங்கிலம் தெரியாது. தெருவில் இறங்கினால் அந்நியன் என்று ஏளனம். ஜன்னல்கள் உடைந்தன, பிள்ளைகள் மீது கல் விழுந்தது. ஒருநாள் வழியில் யாரோ முகத்தில் குத்திவிட, வீங்கிக் கறுத்த கண்ணோடு அரசரின் தியோபால்ட்ஸ் மாளிகையில் போய் நின்றார்.

1613இல் ஆக்ஸ்ஃபோர்டு போனபோதுதான் கொஞ்சம் மூச்சு விட்டார். விருந்துகளிலிருந்து நழுவி போட்லியன் நூலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கே ஜேக்கப் பார்னெட் என்ற இளம் யூதர் அவரோடு எபிரேய நூல்களைப் படித்தார். இவரைக் கிறிஸ்தவராக்கி ஊர்மெச்ச ஞானஸ்நானம் தருவதாகப் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்திருக்க, குறித்த நாளன்று ஆள் ஓடிவிட்டார். பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். மனத்தில் விசுவாசம் இல்லாதவரை அதற்காகத் தண்டிப்பது தகாது என்று விடுதலைக்காக மன்றாடியவர்களில் கசோபோன் முக்கியமானவர். அவருடைய எபிரேயப் படிப்பு ஏதோ பொழுதுபோக்கு என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 2011இல் ஆந்தனி கிராஃப்டனும் ஜோவன்னா வைன்பெர்க்கும் அவருடைய ஓரக்குறிப்புகளை வரிவரியாகப் படித்து ஒரு நூலே எழுதியபிறகு அந்தப் பேச்சு நின்றது.

இனி 1614க்கு வரலாம். ரோமச் சபையின் கர்தினால் பரோனியஸ் 12 பெருந்தொகுதிகளில் சபை வரலாறு எழுதியிருந்தார். அதற்கு மறுப்பு எழுதும் வேலை கசோபோன் தலையில் விழுந்தது. பரோனியஸுக்குக் கிரேக்கமும் எபிரேயமும் போதாது. பிழைகள் குவிந்து கிடந்தன. பெரிய அளவுத் தாளில் 700 பக்கத்துக்கு மேல் எழுதியும் கசோபோன் தாண்டியது முதல் தொகுதியில் பாதியைத்தான். அந்த மலைக்குள் ஒரு சில பக்கங்களில், போகிறபோக்கில் என்பதுபோல, ஹெர்மெஸ் விவகாரம் வருகிறது.

கதை இதுதான். 1460ஐ ஒட்டி ஒரு துறவி, ஹெர்மெஸ் திரிஸ்மெகிஸ்தஸ் என்ற எகிப்திய ஞானியின் பெயரிலான கிரேக்க நூல்களை ஃபுளோரன்ஸுக்குக் கொண்டுவந்தார். ஆட்சியாளர் கோசிமோ தெ மெதிச்சி, பிளேட்டோவை மொழிபெயர்க்க வைத்திருந்த ஃபிச்சினோவிடம் அதை நிறுத்திவிட்டு முதலில் இதை மொழிபெயர்க்கச் சொன்னார். ஹெர்மெஸ் மோசேயின் காலத்தவர், பிளேட்டோவுக்கே மூதாதை என்பது நம்பிக்கை. சியெனா தேவாலயத்தின் தரையிலேயே அவர் உருவத்தைப் பதித்தார்கள். படைப்பு, தெய்வீக வார்த்தை, மறுபிறப்பு என்று கிறிஸ்தவம் போலவே பேசும் நூல்கள். அப்படியானால் கிறிஸ்துவுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எகிப்தியருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று ஆகிறது. பரோனியஸும் இதை மறுக்காமல் எடுத்துக்கொண்டார்.

கசோபோனுக்கு முதலில் உறுத்தியது சமயக் காரணம்தான். கடவுள் தன் சொந்த மக்களுக்கே மறைவாகச் சொன்னதைப் புறவினத்தாருக்கு இவ்வளவு தெளிவாகவா சொல்லியிருப்பார்? அதன்பிறகு இலக்கணக்காரர் வேலையைத் தொடங்கினார். 1554இல் பாரிஸில் துர்னேபஸ் அச்சிட்ட ஹெர்மெஸ் நூலின் அவருடைய சொந்தப் பிரதி இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஓரமெல்லாம் குறிப்பு, சொல்லுக்குச் சொல் அடிக்கோடு. நூலில் கி.மு. 5ஆம் நூற்றாண்டுச் சிற்பி ஃபிடியாஸின் பெயர் வருகிறது. மோசே காலத்து ஆள் அவரை எப்படி அறிவார்? சொற்களில் பல, பழைய கிரேக்கத்தில் இல்லாத பிற்கால அருவச் சொற்கள். சில தொடர்கள் பிளேட்டோவின் ‘திமேயஸ்’, சில ஆதியாகமம், சில யோவான் சுவிசேஷம். எகிப்திய மொழியிலிருந்து பெயர்த்தது என்றும் தப்பிக்க முடியாது. கிரேக்கத்தில் ‘கோஸ்மொஸ்’ என்றால் உலகம், ஒழுங்கு, அழகு. உலகத்துக்கு அந்தப் பெயர் ஏன் பொருத்தம் என்று அந்தச் சொல்லை வைத்தே நூல் சிலேடை பண்ணுகிறது. கிரேக்கத்தில் மட்டும் நிற்கும் சிலேடை எகிப்திய மூலத்தில் எப்படி இருந்திருக்கும்? நூல் கிறிஸ்துவுக்குப் பிந்தியது, ஏதோ ஒரு கிறிஸ்தவரோ அரைக் கிறிஸ்தவரோ கட்டியது என்று முடித்தார்.

இந்த வாதத்தின் எடை என்ன என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. பிரான்சஸ் யேட்ஸ் 1964இல், மறுமலர்ச்சிக் கால மாந்திரிகத்துக்கும் நவீன காலத்துக்கும் நடுவே எல்லைக்கல் இந்த 1614 என்று எழுதினார். கிராஃப்டன் அதைக் கொஞ்சம் அடக்கி வாசித்தார்: கசோபோனுக்கு முன்பே சிலர் சந்தேகப்பட்டிருந்தார்கள், நூல் வந்தபின்பும் ராபர்ட் ஃபிளட், அத்தனேசியஸ் கிர்ச்சர் போன்றவர்கள் காதிலேயே வாங்காமல் ஹெர்மெஸைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். 1678இல் ரால்ஃப் கட்வொர்த் நியாயமான ஒரு ஓட்டையைக் காட்டினார். பல கைகளில் எழுந்த தனித்தனி நூல்களை ஒரே நூலாகக் கொண்டு, ஒன்றில் உள்ள குறைக்கு எல்லாவற்றையும் தள்ளலாமா? 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த கோப்திக் சுவடிகளிலும் ஹெர்மெஸ் நூல்கள் இருந்தன. அவற்றுக்கு உண்மையான எகிப்தியச் சூழல் உண்டு என்ற எண்ணம் அதன்பின் வலுத்தது.

ஆக, காலத்தைக் கணித்ததில் கசோபோன் சரி; எழுதியவர் யார் என்றதில் தவறு. அவர்கள் கிறிஸ்தவர்களாக வேடம் கட்டியவர்கள் இல்லை, கிரேக்கம் பேசிய எகிப்தின் பழஞ்சமயத்தார் என்பதே இன்றைய பொதுக் கருத்து. ஆனாலும் இந்தக் கட்டுரையாளருக்கு முக்கியமாகப் படுவது முடிவைவிட வழி. சதுரா வேறு, சாட்டிர் வேறு என்று பிரித்த அதே கண், அத்தெனேயஸில் மேற்கோளின் காலத்தைச் சொல்லின் வாடையில் கண்டுபிடித்த அதே மூக்கு, இங்கேயும் வேலை செய்திருக்கிறது. சொல்லுக்கு வயது உண்டு என்பது அவருக்குக் கோட்பாடாகத் தெரிந்ததில்லை. நாற்பதாண்டு படித்ததில் கையோடு வந்த பழக்கம்.

நூல் வெளிவந்த ஆண்டிலேயே, 1614 ஜூலை 1 அன்று அவர் இறந்தார். வயது 55. உடலை அறுத்துப் பார்த்த மருத்துவர்கள், சிறுநீர்ப்பையில் பிறவியிலேயே இருந்த பெருங்கோளாறைக் கண்டார்கள். இயற்கை அழைப்பைத் தள்ளிப்போட்டுப் பல மணிநேரம் மேசையில் உட்காரும் பழக்கம் அதை முற்றவைத்தது.

நாட்குறிப்பை மகன் மெரிக் கான்டர்பரியில் சேர்த்து வைத்தார். இடையில் சில ஆண்டுகளுக்குரிய ஒரு பகுதி தொலைந்துவிட்டது. மற்றவை 1850இல் ஆக்ஸ்ஃபோர்டில் அச்சாயின. அதை அடிப்படையாக வைத்து மார்க் பாட்டிசன் 1875இல் எழுதிய வாழ்க்கை வரலாறுதான் கசோபோனைப் பற்றிய நம் படத்தைத் தீர்மானித்தது. அறிவுக்காகத் தன்னையே தேய்த்துக்கொண்ட தியாகி அந்தப் படத்தில் இருக்கிறார். சிரிக்கத் தெரிந்தவர் இல்லை, எபிரேயம் தெரிந்தவரும் அவ்வளவாக இல்லை. பாட்டிசனுக்குத் தன்னைவிட 27 வயது இளைய மனைவி. அதனால் ‘மிடில்மார்ச்’ பாதிரியார் பாட்டிசன்தான் என்று ஊர் பேசியது. ஆனால் அந்த வாழ்க்கை வரலாறு வருமுன், 1872லேயே நாவல் முடிந்துவிட்டது. கதையில் வரும் கசோபன் எதையும் முடிக்காதவர். மூலத்துக்குரியவரோ இருபதுக்கு மேற்பட்ட நூல்களை அச்சுக்குக் கொடுத்தவர். பெயரைக் கடன் வாங்கியதில் வட்டி முழுக்க இவர் தலையில் விழுந்தது.

மெரிக்கும் அறிஞர்தான். மார்க்கஸ் அவுரேலியஸின் சிந்தனைகளை 1634இல் ஆங்கிலத்தில் தந்தார். 1659இல், ஹெர்மெஸ் மரபில் ஊறிய ஜான் டீ என்பவர் ஆவிகளோடு பேசியதாக எழுதிவைத்த குறிப்புகளை, ஆவிகள் உண்மைதான், ஆனால் அவை பிசாசுகள் என்ற முன்னுரையோடு அச்சிட்டார். தந்தை இதைப் பார்த்திருந்தால் முதலில் சொற்களுக்கு அடிக்கோடு போட்டிருப்பார்.

புத்தகங்களில் பலவற்றை ஜேம்ஸ் அரசர் வாங்கினார். குறிப்பேடுகள் ஏறத்தாழ 60 கட்டுகள் போட்லியனுக்குப் போயின. இன்று ஸ்ட்ராபோவை மேற்கோள் காட்டுகிறவர் நூற்பகுதி எண்ணுக்குப் பக்கத்தில் ‘சி’ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் போடுகிறார். சி என்பது கசோபோன்; எண், அவர் பாடத்தை வைத்து 1620இல் வந்த பதிப்பின் பக்கம். அத்தெனேயஸுக்கும் அப்படியே, அவருடைய பதிப்பின் பக்கமும் பக்கத்துக்குள் வரும் எழுத்தும்தான் முகவரி. பிளேட்டோவை எடுத்தால் ஓரத்தில் இருக்கும் எண்கள் 1578 பதிப்புக்குரியவை. அச்சிட்டவர், மருமகனுக்குக் கதவைத் திறக்காத அன்ரி எஸ்தியென்.